எஞ்சின் விதிச் சர்ச்சைகளை எடைபோடுவது எப்படி?

போர்முலா வன் பந்தயம் ஐரோப்பாவில் கோடைகாலப் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும்போது கொழும்பில் மாலை 6.30 ஆகியிருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னரே வெற்றியாளர் யாரென்று தெரிந்துவிடுவதால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள இரசிகர்களுக்கு வாட்ஸ்அப் குழுக்களில் வாக்குவாதப்படத் தாராளமாக நேரம் கிடைக்கிறது. அவ்வாக்குவாதங்களில் அடிக்கடி தலைகாட்டும் வசனம் ஒன்று உண்டு: "அவங்கட எஞ்சின்ல என்னவோ இருக்கு." அது உண்மையான விதிமீறலா, விதியின் இடைவெளியைக் கண்டுபிடித்த கெட்டித்தனமா, அல்லது தோற்ற அணியின் ஆற்றாமையா என்பதை, பகிரங்கமாகக் கிடைக்கும் தகவல்களைக் கொண்டே பிரித்தறியும் முறையை இங்கே தருகிறேன். இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. சாதாரண தரக் கணிதமும் சற்றுப் பொறுமையும் போதும்.

விதி எதைக் கட்டுப்படுத்துகிறது?

முதலில், சர்ச்சைக்குரிய விதி எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். சில விதிகள் எஞ்சினுக்குள் போகும் காற்றையோ எரிபொருளையோ கட்டுப்படுத்துகின்றன. சில, ஒரு பருவகாலத்தில் எத்தனை எஞ்சின்களைப் பாவிக்கலாம், எவ்வளவு பணம் செலவழிக்கலாம் என்று வரையறுக்கின்றன. சில, வடிவமைப்பைக் குறித்த ஒரு திகதியோடு முடக்கி வைக்கின்றன. இன்னும் சில, வேகமான வாகனத்தில் பாரம் ஏற்றியோ பின்தங்கிய தயாரிப்பாளருக்குச் சலுகை கொடுத்தோ பெறுபேற்றையே சமன்செய்ய முயல்கின்றன. ஒரு வகைக்குரிய நியாயத்தை இன்னொரு வகையில் எதிர்பார்ப்பதாலேயே பெரும்பாலான வாக்குவாதங்கள் முடிவின்றி நீள்கின்றன. 2014 ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 19 பந்தயங்களில் 16 ஐ வென்றது சலிப்பூட்டியிருக்கலாம். ஆனால் போர்முலா வன் எல்லோருக்கும் ஒரே எல்லையைத்தான் விதித்திருந்ததே தவிர, ஒரே வலுவைத் தருவதாகச் சொல்லியிருக்கவில்லை. லு மான் 24 மணித்தியாலப் பந்தயத்தின் முதன்மைப் பிரிவில் ஒரு வாகனம் அவ்வாறு ஓடினால் அதிகாரிகளிடம் விளக்கம் கேட்பதில் நியாயமுண்டு, ஏனெனில் வாகனங்களைச் சமப்படுத்துவதாகச் சொன்னவர்கள் அவர்களே.

எஞ்சினின் கொள்ளளவை மட்டும் கட்டுப்படுத்தினால் என்ன நடக்கும் என்பதை இலங்கையருக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. சீசீ அளவைப் பார்த்து வாகன வரி அறவிடப்படும் நாட்டில், 1000 சீசீக்குச் சற்றுக் குறைவான டர்போ எஞ்சினோடு வரும் டொயோட்டா ரைஸ் ஏன் இவ்வளவு விரும்பப்படுகிறது என்பது யாவரும் அறிந்ததே. போர்முலா வன்னிலும் அதுவே நடந்தது. 1966 இல் வந்த விதி, சாதாரண எஞ்சினுக்கு 3 லீற்றரும் காற்றை அமுக்கி ஊட்டும் எஞ்சினுக்கு 1.5 லீற்றரும் அனுமதித்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த இரண்டாவது வழியை எவரும் பொருட்படுத்தவில்லை. 1977 ஜூலையில் ரெனோ தன் டர்போ காரோடு சில்வர்ஸ்டனுக்கு வந்தது. 1986 அளவில் தகுதிகாண் சுற்றுகளில் டர்போ எஞ்சின்கள் 1000 குதிரைவலுவைத் தாண்டிவிட்டன. டர்போ அமுக்கத்தை 1987 இல் 4 பார் (bar, அமுக்கத்தின் அலகு) ஆகவும் 1988 இல் 2.5 பார் ஆகவும் குறைத்தார்கள். அப்படியிருந்தும் 1988 இல் மெக்லாரன் ஹொண்டா டர்போவோடு 16 பந்தயங்களில் 15 ஐ வென்றது. 1989 இல் டர்போ முற்றாகத் தடைசெய்யப்பட்டது. ரெனோ எந்த விதியையும் மீறவில்லை என்பதையும், தவறு 1966 இல் எழுதப்பட்ட விகிதத்தில்தான் இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

எங்கே, எப்போது, எதனால் அளக்கிறார்கள்?

விதியில் எழுதப்பட்ட எண்ணைவிட அந்த எண் அளக்கப்படும் முறைக்கே கூடுதல் கவனம் கொடுங்கள். என் கணிப்பில், எஞ்சின் சர்ச்சைகளில் பெரியவை எல்லாம் இங்குதான் பிறந்திருக்கின்றன.

1995 உலக ரலித் தொடரில் டொயோட்டா செய்ததைக் கிட்ட நின்று பார்ப்போம். டர்போவுக்குள் போகும் காற்று முழுவதும் 34 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு வளையத்தினூடாகவே போக வேண்டும் என்பது விதி. ஸ்பெயினின் கெட்டலோனியா ரலியில் செலிக்கா கார்களின் டர்போவைப் பிரித்தபோது பரிசோதகர்கள் கண்டது இதுதான்: காற்றுக் குழாயைப் பொருத்தி அதன் பட்டியை விசேட கருவியால் இறுக்கும்போது, உள்ளே இருந்த வளையம் சுமார் 5 மில்லிமீற்றர் நகர்ந்து, அதன் ஓரத்தால் மேலதிகக் காற்றுக்கு வழி திறந்துவிடும். குழாயைக் கழற்றிய கணமே விற்சுருள்களின் விசையால் வளையம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அளவுகருவியோடு வருபவர் குழாயைக் கழற்றித்தான் அளக்க வேண்டும். கழற்றினால் எல்லாம் சட்டப்படி இருக்கும். மேலதிகமாகக் கிடைத்த காற்று கால்பங்கு வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. சர்வதேச மோட்டார் சம்மேளனம் அந்த ஆண்டுப் புள்ளிகளைப் பறித்து, டொயோட்டாவுக்கு 12 மாதத் தடையும் விதித்தது. இது கெட்டித்தனமாக இருக்கலாம், ஆனால் மோசடி என்பதில் எனக்கு ஐயமில்லை: பரிசோதகரின் கை படும்போது மட்டும் மாறுவதற்கென்றே செய்யப்பட்ட பாகத்துக்கு வேறு விளக்கம் கிடையாது.

எரிபொருளைக் கட்டுப்படுத்தும் விதியில் விடயம் இதைவிட நுணுக்கமானது. 2014 இல் 1.6 லீற்றர் வி6 டர்போ ஹைபிரிட் எஞ்சின்கள் வந்தபோது, எஞ்சின் நிமிடத்துக்கு 10,500 சுழற்சிக்கு மேல் சுழலும்போது மணித்தியாலத்துக்கு 100 கிலோகிராமுக்கு மேற்பட்ட எரிபொருள் பாயக்கூடாது என்று விதிக்கப்பட்டது. அதன் விளைவை நீங்களே கணக்கிடலாம். மணித்தியாலத்துக்கு 100 கிலோகிராம் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 28 கிராம். ஒரு கிலோகிராம் பெற்றோலில் சுமார் 44 மெகாஜூல் சக்தி உண்டு என்று கொண்டால், உள்ளே போகும் வெப்பவலு சுமார் 1,220 கிலோவாற். அதில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கூடுதலாகச் சக்கரத்துக்கு அனுப்ப முடிந்தால் அதுவே 12 கிலோவாற், அதாவது 16 குதிரைவலு. 2017 இல் மெர்சிடிஸ் தன் பரிசோதனைக்கூடத்தில் 50 சதவீத வினைத்திறனைத் தாண்டியதாக அறிவித்தது ஏன் பெரிய செய்தியானது என்பது இப்போது புரியும். உராய்வு எண்ணெயைச் சிலிண்டருக்குள் எரித்துப் பாய்வு வரம்பைச் சுற்றிப் போகலாம் என்ற சந்தேகம் எழுந்ததும், 100 கிலோமீற்றருக்கு எரியக்கூடிய எண்ணெயின் அளவு 2018 இல் 0.6 லீற்றராகவும் 2020 இல் 0.3 லீற்றராகவும் குறைக்கப்பட்டதும் இதே காரணத்தாலேயே.

பாய்வை அளப்பது காரில் பொருத்தப்பட்ட சென்ஸர். 2014 அவுஸ்திரேலியப் பந்தயத்தில், தன் சொந்த நாட்டு இரசிகர்கள் முன்னிலையில் இரண்டாமிடம் பெற்ற ரெட் புல் ஓட்டுநர் டானியல் ரிக்கியார்டோ, பாய்வு வரம்பு மீறப்பட்டதாகச் சில மணித்தியாலங்களில் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். சென்ஸர் தவறாகக் காட்டுகிறது என்றும், தம்முடைய கணிப்பே சரி என்றும் ரெட் புல் வாதாடியது. மேன்முறையீடு ஏப்ரலில் நிராகரிக்கப்பட்டது. பல இரசிகர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றியது, எனக்கு அப்படியில்லை. ஒவ்வோர் அணியும் தத்தம் தராசைக் கொண்டுவந்தால் அளவு என்பதே இல்லாமல் போய்விடும். சென்ஸர் சற்றுப் பிழைத்தாலும் எல்லோருக்கும் ஒரே அதிகாரி ஒரே முறையில் அளக்க வேண்டும்.

2019 இல் நடந்தது இதன் மறுபக்கம். கோடை விடுமுறைக்குப் பின் ஃபெராரி தொடர்ந்து ஆறு பந்தயங்களில் முதலிடத்திலிருந்து புறப்பட்டது. சென்ஸர் வாசிப்புகளுக்கு இடையிலான கணங்களில் கூடுதல் எரிபொருளைச் செலுத்த ஒரு வழியைப் பயன்படுத்தலாமா என்று ரெட் புல் சம்மேளனத்திடம் எழுத்தில் விளக்கம் கோரியது. கூடாது என்று அமெரிக்கப் பந்தயத்தின்போது பணிப்புரை வந்தது. இங்கே ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: அணிகள் எதிரணிமீது முறைப்பாடு செய்வதைவிட, "நாங்கள் இப்படிச் செய்யலாமா?" என்று தங்களைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்பதையே விரும்புகின்றன. அத்தகைய கேள்வி வெளியில் கசிந்தால், யாரைக் குறிவைத்தது என்று தேடுங்கள். 2020 பெப்ரவரி 28 அன்று, விசாரணை முடிந்துவிட்டது என்றும் ஃபெராரியோடு இரகசிய உடன்பாடு எட்டப்பட்டது என்றும் சம்மேளனம் அறிவித்தது. முற்றாகத் திருப்தியில்லை, ஆனால் மறுக்கமுடியாத ஆதாரமும் இல்லை என்பது அதன் நிலைப்பாடு. ஏழு அணிகள் கூட்டாக எதிர்ப்புத் தெரிவித்தன. கையொப்பமிடாத ஹாஸ், அல்ஃபா ரோமியோ இரண்டும் ஃபெராரியிடம் எஞ்சின் வாங்கியவை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2020 இல் இரண்டாவது சென்ஸர் கட்டாயமாக்கப்பட்டது. ஃபெராரி அந்த ஆண்டு ஆறாமிடத்துக்கு இறங்கியது. இவற்றைக் கோத்துக் குற்றம் நிரூபிக்கப்பட்டதாக எழுதுவோர் பலர். நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் தீர்ப்பையே பூட்டி வைத்த இந்த முறை, ஃபெராரிக்கும் நீதி செய்யவில்லை, எதிரணிகளுக்கும் செய்யவில்லை.

2026 விதிகளையும் இதே கண்ணோடு வாசியுங்கள். எரிபொருளின் வரம்பு இப்போது கிலோகிராமில் அன்றிச் சக்தியில், மணித்தியாலத்துக்கு 3,000 மெகாஜூல் என்று எழுதப்பட்டிருக்கிறது. வெவ்வேறு நிறுவனங்களின் நிலைபேறான எரிபொருட்களில் ஒரு கிலோகிராமுக்குள்ள சக்தி வேறுபடக்கூடும் என்பதால் இது நல்ல திருத்தம். அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படலாம் என்ற எல்லை, 18 இலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது; ஆனால் அதைச் சுற்றுப்புற வெப்பநிலையில் அளப்பதாக எழுதியதால், எஞ்சின் சூடேறி உலோகம் விரிவடையும்போது அந்த விகிதத்தைத் தாண்டலாம் என்ற சந்தேகம் பருவகாலம் தொடங்குமுன்பே கிளம்பியது. மேலே சொன்ன வளையத்தைப் போல இங்கும் எண்ணில் சிக்கல் இல்லை, அளக்கும் நேரத்தில்தான் சிக்கல்.

ஒரே எஞ்சினோடு ஓடும் அணிகளை ஒப்பிடுங்கள்

ஓர் எஞ்சின் உண்மையில் எவ்வளவு உதவுகிறது என்பதை அறிய, அதை விலைகொடுத்து வாங்கிய அணிகளைப் பார்ப்பதே நம்பகமான வழி. 2013 இல் ரெனோ எஞ்சினோடு ஒன்பதாவதாக வந்த வில்லியம்ஸ், 2014 இல் மெர்சிடிஸ் எஞ்சினுக்கு மாறி மூன்றாமிடம் பெற்றது. அந்த ஆண்டில் எஞ்சின் பெரும் பங்கு வகித்தது என்று துணிந்து சொல்லலாம். 2024 இல் மெர்சிடிஸ் எஞ்சினோடு ஓடிய நான்கு அணிகள் முறையே 1, 4, 5, 9 ஆம் இடங்களில் முடித்தன, முதலிடம் வாடிக்கையாளரான மெக்லாரனுக்கு. அங்கே எஞ்சினைக் குறைசொல்வது அல்லது புகழ்வது அர்த்தமற்றது. தயாரிப்பாளர் தன் அணிக்குக் கொடுக்கும் அதே பாகங்களையும் அதே மென்பொருளையும் வாடிக்கையாளர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று 2018 இல் சம்மேளனம் வலியுறுத்திய பின்னரே இவ்வொப்பீடு நம்பத்தக்கதாயிற்று.

தொலைக்காட்சித் திரையில் காட்டப்படும் உச்ச வேகத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். முன்னால் ஓடும் காரின் காற்றுமறைவும், மெல்லிய பின்சிறகும் ஒரு பலவீனமான எஞ்சினையும் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுவந்துவிடும். தகுதிகாண் சுற்றில், முன்னால் எவரும் இல்லாதபோது, மெதுவான வளைவிலிருந்து வெளியேறிய பின் வேகம் எவ்வாறு ஏறுகிறது என்பதைப் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலுள்ள மெக்சிகோ நகரப் பந்தயத்தை இக்கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்லது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் கார் ஓட்டியவர்களுக்கு ஐதான காற்று எஞ்சினை என்ன செய்யும் என்று தெரியும்.

எண்ணிக்கை வரம்பு, முடக்கம், சலுகை

எண்ணிக்கை வரம்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வரம்பைத் தாண்டிப் புதிய பாகம் பொருத்தும் அணி புறப்பாட்டு வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படும். 2021 பிரேசிலில் புதிய எஞ்சினுக்காக ஐந்து இடங்கள் பின்தள்ளப்பட்ட லூயிஸ் ஹமில்டன் பத்தாமிடத்திலிருந்து வென்றார். 2022 பெல்ஜியத்தில் மெக்ஸ் வெர்ஸ்டப்பன் பதினான்காமிடத்திலிருந்து வென்றார். வேகமான காருக்கு இது தண்டனை அல்ல, விலை. மெதுவான அணிக்கோ ஒரு பந்தயமே போய்விடும். தயாரிப்பாளர்களுக்கு 2023 முதல் ஆண்டுக்கு 95 மில்லியன் டொலர், 2026 முதல் 130 மில்லியன் டொலர் என்று செலவு வரம்பு வந்திருப்பது இந்த இடைவெளியை ஓரளவு குறைக்கிறது.

முடக்கத்தைக் குறித்து மதிப்பிடும்போது, முடக்கிய அன்று யார் எங்கே நின்றார்கள் என்று கேளுங்கள். 2021 உடன் விலகுவதாக ஹொண்டா அறிவித்ததும், அதன் எஞ்சினைத் தொடர்ந்து பாவிக்க விரும்பிய ரெட் புல்லுக்கு முடக்கம் தேவைப்பட்டது. 2021 பெப்ரவரியில் எல்லா அணிகளும் சம்மதித்து வாக்களித்தன. 2022 முதல் 2025 முடியும்வரை எஞ்சின்கள் முடக்கப்பட்டன. நம்பகத்தன்மைக்கான திருத்தங்கள் மட்டும் அனுமதிக்கப்பட்டன. 2023 இல், தங்கள் எஞ்சின் மற்றவற்றைவிட வலுக்குறைந்தது என்று கூறி ரெனோ தரப்பு சமப்படுத்தல் கோரியபோது அது கிடைக்கவில்லை. 2025 உடன் எஞ்சின் தயாரிப்பை நிறுத்துவதாக 2024 செப்டெம்பரில் ரெனோ அறிவித்தது. தானே வாக்களித்த விதியால் கட்டுண்டவர் முறையிடுவதில் சட்டப்படி நியாயமில்லை. ஆனால் அப்போது நான்கே தயாரிப்பாளர்கள் இருந்த விளையாட்டில் ஒருவர் வெளியேறும் அளவுக்கு ஒரு விதி இறுகியிருந்தால், அதை நல்ல விதி என்று என்னால் சொல்ல முடியாது.

மோட்டார் சைக்கிள்களின் உலகத் தொடரான மோட்டோ ஜிபி இதைவிடத் திறமையாகக் கையாள்கிறது. கிடைக்கக்கூடிய புள்ளிகளில் 85 சதவீதத்துக்கு மேல் பெற்றவர் ஏ, 35 சதவீதத்துக்குக் குறைந்தவர் டி என்று தயாரிப்பாளர்கள் நான்கு தரங்களாகப் பிரிக்கப்படுகின்றனர். 2024 இல் டுகாட்டி ஏ தரத்திலும், ஹொண்டாவும் யமஹாவும் டி தரத்திலும் இருந்தன. பின்தங்கியோருக்குக் கூடுதல் எஞ்சின்களும் கூடுதல் பயிற்சி நாட்களும் கிடைத்தன. முன்னிற்பவரின் எஞ்சினில் கைவைக்காமல் பின்னிற்பவருக்கு வேலை செய்ய இடம் கொடுப்பதுதான் இதன் சிறப்பு. பின்தங்கிய தயாரிப்பாளருக்கு மேலதிக மேம்பாட்டு வாய்ப்பு தரும் போர்முலா வன்னின் 2026 ஏற்பாடும் இதே திசையில் போகிறது.

சமப்படுத்தல் அட்டவணையை வாசித்தல்

லு மான் போன்ற நெடுநேரப் பந்தயங்களில், ஒவ்வொரு காருக்கும் எவ்வளவு எடை, எவ்வளவு உச்ச வலு, ஓர் ஓட்டக் கட்டத்துக்கு எவ்வளவு சக்தி என்ற அட்டவணை பந்தயத்துக்கு முன் வெளியாகும். எண்களைத் தனியே பார்க்காமல், முந்தைய அட்டவணையிலிருந்து என்ன மாறியது, எந்தத் திகதியில் மாறியது என்று பாருங்கள். 2023 லு மான் நூற்றாண்டுப் பந்தயத்துக்குப் பத்தே நாட்களுக்கு முன், மே 31 அன்று, டொயோட்டாவுக்கு 37 கிலோகிராமும் ஃபெராரிக்கு 24 கிலோகிராமும் கெடிலாக்குக்கு 11 கிலோகிராமும் போர்ஷேவுக்கு 3 கிலோகிராமும் கூட்டப்பட்டன. அந்த ஆண்டின் முதல் மூன்று பந்தயங்களையும் டொயோட்டா வென்றிருந்தது. லு மானை, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் முதன்மைப் பிரிவுக்குத் திரும்பிய ஃபெராரி வென்றது. மாற்றம் தேவையாக இருந்திருக்கலாம், ஆனால் ஆண்டின் மிகப் பெரிய பந்தயத்துக்கு இவ்வளவு அருகில் வந்ததே குறை. இன்னொன்று: இத்தொடரின் விதிகள், சமப்படுத்தல் குறித்து அணிகளும் ஓட்டுநர்களும் பகிரங்கமாகக் கருத்துரைப்பதைத் தடைசெய்கின்றன. ஆகவே அணியின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தண்டனை யார்மீது விழுந்தது?

2020 மோட்டோ ஜிபி தொடரில், அனுமதி பெற்ற மாதிரியிலிருந்து வேறுபட்ட வால்வுகளைப் பாவித்ததற்காக யமஹா தயாரிப்பாளர் புள்ளிகளில் 50 ஐ இழந்தது. அதன் இரு அணிகளும் புள்ளிகளை இழந்தன. ஓட்டுநர்களின் புள்ளிகளில் எவரும் கைவைக்கவில்லை. எதிராக, 2024 மார்ச்சில் அமெரிக்காவின் இன்டிகார் தொடரில், மேலதிக வலு தரும் பொத்தான் தடைசெய்யப்பட்ட நேரத்திலும் வேலை செய்யும்படி பென்ஸ்கி அணியின் மென்பொருள் இருந்தது ஆறு வாரங்களுக்குப் பின் வெளிப்பட்டபோது, வெற்றிபெற்ற ஜோசப் நியூகார்டனே தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அவர் அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தார். மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்கோ வால்வின் உலோகத்தைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இவ்வேறுபாட்டை ஏற்கலாம். ஏற்கக் கடினமானது, அந்த அணியின் உரிமையாளரே தொடரின் உரிமையாளராகவும் இருந்தது. விதியை யார் எழுதுகிறார், யார் அளக்கிறார், யார் தீர்ப்பளிக்கிறார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே பெயர் இருமுறை வந்தால் அந்தத் தீர்ப்பை இரட்டிப்புக் கவனத்தோடு வாசிக்க வேண்டும்.

இம்முறையை நம் நாட்டுக் கட்டுக்குருந்தைப் பந்தயத் திடலுக்கும் கொண்டுபோகலாம். அங்கே நிசான் மார்ச், போர்ட் லேசர் போன்ற கார்கள் கொள்ளளவுப் பிரிவுகளில் ஓடுகின்றன. கொள்ளளவைச் சரிபார்க்கும் கணக்கு எளிது: சிலிண்டரின் விட்டத்தை வர்க்கித்து, 0.7854 ஆல் பெருக்கி, பிஸ்டனின் வீச்சாலும் (அது மேலும் கீழும் நகரும் தூரம்) சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்குங்கள்; மில்லிமீற்றரில் அளந்திருந்தால் விடையை 1,000 ஆல் வகுங்கள். விட்டம் 80, வீச்சு 53 மில்லிமீற்றர், ஆறு சிலிண்டர் என்றால் 1,598 சீசீ வரும். 2014 போர்முலா வன் எஞ்சினும் அந்த அளவுதான். ஆனால் வீச்சையும் விட்டத்தையும் அளக்க எஞ்சினின் தலையைக் கழற்ற வேண்டும். எனவே ஒரு போட்டியில் பங்குபற்ற நினைப்பவர், விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன், பந்தயத்துக்குப் பின் எந்த எஞ்சின்கள் திறக்கப்படும், திறக்கும் செலவை யார் ஏற்பது, எத்தனை நிமிடங்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும் என்ற மூன்றையும் அப்போட்டிக்குரிய மேலதிக விதிமுறைகளில் தேடிப் படிக்க வேண்டும். அவை அங்கே எழுதப்பட்டிருக்காவிட்டால், ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.